உப்புக் காற்றிலும் வட்டைப் புழுதியிலும் லென்ஸ் எத்தனை வருசம் ஓடும்?

லென்ஸ் எத்தனை வருசம் ஓடும் என்று கேட்பவர்களிடம் முதலில் ஒன்றைத் திருப்பிக் கேட்க வேண்டும். படம் எடுக்காத நாளில் அதை எங்கே வைக்கிறீர்கள்? ஏனென்றால் கண்ணாடிக்கு வயது என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. 1970களில் செய்த ஹீலியோஸ் 44 மாதிரியான சோவியத் லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்டி இன்றைக்கும் ஆட்கள் படம் எடுக்கிறார்கள். அதே நேரம், பெட்டிகூடக் கசங்காத புது லென்ஸ் ஒன்று நவம்பரில் அலுமாரிக்குள் போய், தைப்பொங்கலுக்கு வெளியே எடுக்கும்போது உள்ளே வெள்ளை நூல் ஓடிக் கிடப்பதும் எங்கள் பக்கத்தில் புதினமில்லை. கடற்கரையில் நாள் முழுக்கக் கொண்டு திரிந்தது தப்பிவிடும், துணி சுற்றிப் பத்திரமாகப் பூட்டி வைத்தது போய்விடும்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் லென்ஸைக் கெடுப்பது ஊருக்கும் மாதத்துக்கும் தக்கபடி மாறும். எழுவான்கரையில், அதாவது கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, அப்படியே கீழே கல்முனை, திருக்கோவில் வரை கடலோடு ஒட்டிய ஊர்களில் உப்பு. வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால், அல்லது சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள் இறங்கினால் புழுதி, அதுவும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கிரவல் வீதியில் ஒரு டிப்பர் போனாலே போதும். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும் சேர்ந்த காலத்தில் இரண்டு கரைக்கும் பொதுவாக ஈரம். ஆகக் கூடாதது இந்த ஈரம்தான். உப்பும் புழுதியும் கண்ணுக்குத் தெரியும், உடனே துடைக்கத் தோன்றும். ஈரத்தை யாரும் கவனிப்பதில்லை.

அலுமாரியில் இருந்து தொடங்குவோம்

பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, புது லென்ஸுக்குள்ளும் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் சில நாள் தொடர்ந்து நின்று, காற்றோட்டமும் இல்லாமல் போனால் அவை முளைக்கத் தொடங்கும். 60ஐத் தாண்டினாலே கவனமாக இருப்பது நல்லது. 10 முதல் 35 பாகை வரை வெப்பநிலை அதற்குத் தோதானது, எங்கள் வீடுகளுக்குள் ஆண்டு முழுக்க அநேகமாக அந்தக் கணக்குத்தான். மழை மாதங்களில் ஒரு சாதாரண அறைக்குள் ஈரப்பதம் 80க்கு மேல் போவது வழமையான விசயம். தின்பதற்குக் கண்ணாடியில் இருக்கிற கைரேகை எண்ணெய், தூசி, உள்ளே பூசிய கிரீஸ் எல்லாம் இருக்கிறது. வளரும்போது அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் முதலில் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கையும் பிறகு கண்ணாடியையுமே அரிக்கும். நேரத்தோடு பிடித்தால் துடைத்துவிடலாம், அரித்த பிறகு துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

பங்கஸ், அதாவது இந்தப் பூஞ்சணம் பிடித்த லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் மற்றதற்கும் தொற்றும் என்று சொல்வார்கள். வித்து ஏற்கனவே எல்லா இடமும் இருப்பதால் அது பாதி உண்மைதான். ஒரு லென்ஸுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அந்த அலுமாரியே சரியில்லை என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் பிடித்ததைத் தனியாக வைப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

வைக்கக் கூடாத இடங்கள்: உடுப்பு அலுமாரி, தோல் உறை, லென்ஸ் வந்த கடதாசிப் பெட்டி, அப்புறம் எல்லாரும் செய்கிற வேலை, கெமரா பையிலேயே விட்டுவிடுவது. பைக்குள் இருக்கிற ஸ்பொஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழையில் ஒரு தடவை நனைந்த பை வெளியே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நாள் கணக்கில் ஈரமாகக் கிடக்கும். உடுப்பு அலுமாரியில் பூச்சி உருண்டையும் போட்டிருப்பீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கில் படுவதும் நல்லதில்லை.

மலிவான வழி, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. 10 முதல் 15 லீற்றர் கொள்ளக்கூடிய பெட்டிக்குள் ஒரு கெமராவும் இரண்டு மூன்று லென்ஸும் அடங்கும். அதற்குள் 200 கிராம் அளவில் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி. அவ்வளவுதான். அது 40 முதல் 50க்குள் காட்டினால் நிம்மதியாக இருக்கலாம். 30க்குக் கீழே இறக்க வேண்டாம், ரப்பரும் கிரீஸும் அவ்வளவு வறட்சியை விரும்பாது. அதிகம் பேர் விடுகிற பிழை, சப்பாத்துப் பெட்டிக்குள் இருந்து எடுத்த சின்னப் பைக்கற்றுகளை அப்படியே போடுவது. அவை உங்கள் கைக்கு வரும் முன்பே குடிக்க வேண்டிய ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும்.

ஈரப்பதமானியையும் முழுதாக நம்பிவிடாதீர்கள், மலிவானவை ஐந்து சதவீதம் அங்கே இங்கே காட்டும். சரிபார்ப்பது லேசு. ஒரு போத்தல் மூடியில் சாதாரண உப்பை வைத்து, சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள், கரையக் கூடாது, ஈர மண் பதம் போதும். அதையும் ஈரப்பதமானியையும் இறுக்க மூடுகிற ஒரு பைக்குள் வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைத்துச் சொல்கிறது, அதை ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டால் சரி.

சிலிக்கா ஜெல்லில் நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் மணி பச்சையாகும். நிறம் மாறினால் எறிய வேண்டாம், 120 பாகையளவில் இரண்டு மூன்று மணி நேரம் அவணில் வைத்தால் பழையபடி வந்துவிடும். நீல மணியில் இருப்பது கோபால்ட் குளோரைட், நஞ்சு. ஆகவே அதைக் குசினித் தாச்சியில் போட்டு வறுத்துவிட்டு அதே தாச்சியில் மீன் பொரிக்கிற வேலை வேண்டாம், முடிந்தால் செம்மஞ்சள் நிறத்ததாக வாங்குங்கள். ஓகஸ்ட் வெயிலில் காயவைத்தால் போதாதா என்றால், கொஞ்சம் காயும், முழுக்கக் காயாது.

இன்னொன்று அரிசி. நெல் விளைகிற ஊர் என்பதாலோ என்னவோ, கெமராவை அரிசிக்குள் போட்டு வை என்று சொல்ல வீட்டுக்கு ஒரு ஆள் இருக்கிறார். மூட்டையில் இருக்கிற அரிசி வீட்டுக் காற்றின் ஈரத்தை ஏற்கனவே குடித்து அதே நிலைக்கு வந்திருக்கும், புதிதாக இழுப்பதற்கு அதற்கு இடம் குறைவு. போதாததற்கு அதன் மாவுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போய்ச் சேரும். சோற்றுக்கே விட்டுவிடுங்கள். அலுமாரிக்கு என்று விற்கிற, கீழே தண்ணீர் சேர்கிற டப்பாக்களில் இருப்பது கல்சியம் குளோரைட். ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் சாய்ந்தால் ஊற்றுகிற அந்த உப்புத் தண்ணீர் லென்ஸ் மேல் பட்டால் பங்கஸே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று தொழிலாகச் செய்கிறவர்கள் ஒரு டிரை கேபினட், அதாவது ஈரத்தைத் தானே குறைத்து வைக்கிற மின்சாரப் பெட்டி வாங்கிவிடுங்கள். சின்னது சில வாட் கரண்ட்தான் எடுக்கும், 45இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கரண்ட் போனாலும் கதவைத் திறக்காதவரை சில மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் ஒரு நல்ல லென்ஸின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இதெல்லாம் இல்லையென்றால்? லென்ஸைப் பாவியுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளியே எடுத்து, சூம் வளையத்தையும் போகஸ் வளையத்தையும் சுற்றி, மின்விசிறிக் காற்று படுகிற மேசையில் கொஞ்ச நேரம் விடுங்கள். காற்று அசைகிற இடத்தில் பூஞ்சணம் லேசில் பிடிக்காது.

ஏசி அறையில் இருந்து வெளியே வரும்போது

பாசிக்குடா ஹோட்டலில் விடியற்காலைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. அறையில் 22 பாகை, வெளியே 30 பாகை, காற்றில் 75 சதவீத ஈரம். அந்தக் காற்று 25 பாகையளவுக்குக் குளிர்ந்தாலே தண்ணீராகப் படியும். உங்கள் லென்ஸ் 22இல் இருக்கிறது. வெளியே கொண்டு வந்த உடனே முன்னாலும் பின்னாலும், சிலவேளை உள்ளேயும் பூத்துவிடும். வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம், உள்ளே பூத்ததைக் காயும்வரை காத்திருந்துதான் தீர்க்க வேண்டும், அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் ஈரக் காற்று கெமராவுக்குள் படம் பதிகிற சென்சருக்கும் போகும்.

வெளிக்கிடுவதற்கு முன்பே கெமராவை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டி, அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறந்தால் ஈரம் பையின் மேல்தான் பூக்கும். கல்யாண மண்டபத்துக்கு ஏசி வானில் போகிறவர்கள் இறங்குவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடியைத் திறக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, மாலை மாற்றும் படம் மங்கலாக வந்தால் இதைவிட அதிகம் முணுமுணுப்பார்கள்.

உப்பு

அறுகம்பேயில் சர்ப் படம் எடுக்கிறவர்கள் 150-600 எம்எம் மாதிரி நீள லென்ஸோடு மணிக்கணக்கில் கரையில் நிற்கிறார்கள். அலை உடைகிற இடத்தில் கிளம்புகிற நுண்துளி கண்ணுக்குத் தெரியாமல் லென்ஸ் முழுக்கப் படியும். காய்ந்தால் உப்புப் பளிங்கு, துடைக்கும்போது கீறும். மேலே ஈரப்பதமானியைப் பார்க்க உப்பு வைத்தோமே, அந்த 75 சதவீதத்தைக் காற்று தாண்டினால் இதே உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அதாவது ஒழுங்காகத் துடைக்காமல் வைத்த லென்ஸ், மழைக்கால இரவு ஒவ்வொன்றிலும் மெல்லிய உப்புத் தண்ணீரில் நனைந்து நனைந்து காய்கிறது. லென்ஸைக் கெமராவில் பூட்டுகிற வளையமான மவுண்டின் திருகாணி துருப்பிடிப்பதும், கெமராவோடு தொடுகிற தங்க நிறப் புள்ளிகள் கறுப்பதும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே நன்றாகப் பிழிந்த ஈரத் துணியால் லென்ஸின் உடம்பையும் கெமராவையும் துடைத்துவிட்டு, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை. கண்ணாடியில் உப்புப் படலம் இருந்தால் அல்கஹோல் கலந்த லென்ஸ் கிளீனரை முதலில் எடுக்க வேண்டாம். உப்பு அல்கஹோலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பாமசியில் வாங்குகிற காய்ச்சி வடித்த நீரைத் துணியில் ஒரு துளி விட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் அதன் பிறகு கிளீனர். கடற்கரை ஊர்களின் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் அதுவே வெள்ளைப் படலம் விடும்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற யூவீ பில்டர் கண்ணாடி தேவையா என்று வாதம் நடத்துவதை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகும்போது போட்டுவிடுங்கள், கழற்றிக் குழாயில் கழுவலாம் என்பதற்காகவே. இரவில் கோயில் திருவிழாவில் மின்குமிழ் வரிசையைப் படம் எடுக்கும்போது மட்டும் கழற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் ஒரு பொய் வெளிச்சம் படத்தில் நிற்கும். கெனனின் 17-40, பழைய 16-35 மாதிரிச் சில லென்ஸ்களில் தூசி, துளித் தடுப்பே முன்னால் பில்டர் மாட்டினால்தான் முழுமையாகும். தடுப்பு உள்ள லென்ஸ் என்றால் தண்ணீருக்குள் போடலாம் என்று அர்த்தமில்லை. வெள்ளத்திலோ கடலிலோ விழுந்தது பெரும்பாலும் போனதுதான், திருத்தச் செலவழிக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

புழுதி

மார்ச்சில் பெரும்போகமும், ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோகமும் வெட்டும்போது வட்டைக்குள் வெட்டு மெஷின் கிளப்புகிற தூசியில் மண் மட்டும் இல்லை, நெற்சுணையும் வைக்கோல் தூளும் சேர்ந்து வரும். உகந்தையில் இருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரையில் காட்டுப் புழுதி. பாண்டிருப்புத் தீமிதிப்பில் சாம்பலும் புகையும் மஞ்சள் தண்ணீரும் ஒன்றாக வரும். அங்கெல்லாம் ஒரே ஒரு விதி: லென்ஸை மாற்றாதீர்கள். ஒன்றை மாட்டிக்கொண்டு போய் அதோடு திரும்பி வாருங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் வண்டிக்குள்ளோ, காற்றுக்கு முதுகைக் காட்டியோ, கெமரா வாய் கீழே பார்க்க.

நீண்டு சுருங்குகிற சூம் லென்ஸ் ஒவ்வொரு தடவையும் சைக்கிள் பம்ப் மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு தூசியும் போகும். 70-200 எஃப் 2.8 மாதிரி பெரும்பாலும் நீளாமல் உள்ளுக்குள்ளேயே சூம் ஆகிறவற்றில் இது குறைவு. ஆனால் உள்ளே நாலு தூசி தெரிகிறது என்று பதறவும் வேண்டாம். முன் கண்ணாடிப் பக்கத்துத் தூசி படத்தில் தெரியாது, போகஸுக்கு மிக வெளியே இருக்கிறது. சூரியனுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளிறும். பின் கண்ணாடியில் இருப்பதுதான் தொந்தரவு. வெளிச்சம் புகுகிற துளையை எஃப் 16க்குச் சுருக்கி வானத்தைப் படம் எடுத்து அதில் வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது அநேகமாக சென்சரில், லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

தூசியைத் துடைக்கும் முன் ஊத வேண்டும். கையால் அமுக்குகிற ரப்பர் புளோவர் போதும். டயர் கடை கொம்பிரசரில் பிடித்து ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், அந்தக் காற்றோடு எண்ணெயும் தண்ணீரும் வரும், வேகத்தில் தூசி இன்னும் உள்ளே ஏறும். ஊதிய பிறகு மென்தூரிகை, அதற்குப் பிறகுதான் மைக்ரோபைபர் துணி, நடுவில் இருந்து வெளிநோக்கிச் சுற்றியபடி. சாரத்து முனையும் சேட்டு நுனியும் கோட்டிங்குக்கு எமன். கற்பூரப் புகை, சாம்பிராணிப் புகை விடுகிற எண்ணெய்ப் படலத்துக்கு மட்டும் கிளீனர், அதையும் துணியில்தான் விட வேண்டும். லென்ஸில் நேரே விட்டால் ஓரத்தால் உள்ளே இறங்கும்.

சரி, எத்தனை வருசம்?

கண்ணாடி உங்கள் பிள்ளைக்கும் உதவும். முதலில் போவது மற்றவைதான். இப்போதைய லென்ஸ்களில் அபெர்ச்சருக்கு, அதாவது வெளிச்சம் புகுகிற துளையைச் சுருக்கி விரிக்கிற இதழ்களுக்கு மின்சாரம் கொண்டு போகிற மெல்லிய பிளெக்ஸ் கேபிள், ஒவ்வொரு சூமுக்கும் மடங்கி நிமிர்ந்து ஒரு நாள் அறும். கெனனின் 17-85, பழைய 24-105 இரண்டிலும் இது பேர்போன வருத்தம். கெமரா ‘எரர் 01’ என்று காட்டினால் கெமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். முதலில் தொடுபுள்ளிகளைச் சுத்தமான துணியால் துடைத்துப் பாருங்கள், எங்கள் உப்புக் காற்றில் பாதி நேரம் காரணம் அதுதான். அதற்கும் மசியாவிட்டால் கேபிளைச் சந்தேகிக்கலாம். அடுத்தது ஓட்டோ போகஸ் மோட்டார். பிறகு வெயிலில் கிரீஸ் இளகி அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படிவது, அப்புறம் ரப்பர் வளையம் பிசுபிசுத்துத் தளர்வது, அதை மாற்றலாம். கெமராவோடு சேர்ந்து வருகிற, வாராவாரம் கல்யாணத்துக்குப் போகிற கிட் லென்ஸுக்கு ஐந்தாறு வருசம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம், உலோக உடம்புள்ள, சூம் இல்லாத நல்ல பிரைம் லென்ஸுக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. இது என் கணிப்பு, மேலே சொன்ன பெட்டியைப் பாவிப்பவர்களுக்கு.

வருசத்துக்கு இரண்டு தடவை, மழை தொடங்கும் முன் ஒக்டோபரிலும் மழை முடிந்து பெப்ரவரியிலும், இருட்டு அறையில் சோதியுங்கள். இரண்டு மூடியையும் கழற்றி, அபெர்ச்சர் முழுதாகத் திறந்த நிலையில், ஒரு பக்கத்தில் இருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து மறு பக்கத்தால் பார்க்க வேண்டும், வெளிச்சம் நேரே கண்ணில் படாமல். பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் தூசி. கிளை விட்ட நூல், சிலந்தி வலை, ஓரத்தில் பஞ்சுத் திட்டு என்றால் பங்கஸ். எல்லாம் ஒரே சீராக மங்கிக் கிடந்தால் எண்ணெய் ஆவி படிந்த மூட்டம்.

பங்கஸ் கண்டால் வெயிலில் வை என்று சொல்வார்கள். லென்ஸ் கண்ணாடியே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், உள் கண்ணாடிக்கு அதிகம் போய்ச் சேராது, செத்தாலும் தடம் அப்படியே இருக்கும். அதோடு மூடி இல்லாத லென்ஸ் வெயிலைக் குவித்து அபெர்ச்சர் இதழையோ பக்கத்துத் துணியையோ எரித்துவிடலாம். யூடியூப் பார்த்துத் திறக்கவும் வேண்டாம். போகஸ் திருகு எந்தப் பல்லில் தொடங்கியது என்று குறிக்காமல் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது தூரம் போகஸே ஆகாது. உள்ளே திறந்து துடைக்கிற கூலி 50 எம்எம் 1.8, 18-55 மாதிரிச் சின்ன லென்ஸ்களுக்குப் பெறுமதியில்லை, அதே மாதிரி இன்னொன்று பாவித்தது வாங்கிவிடலாம். விலை கூடினதாக இருந்து, ஓரத்தில் மட்டும் சின்னதாகப் பிடித்திருந்தால் தாமதிக்காமல் தெரிந்த திருத்துநரிடம் கொடுங்கள்.

பாவித்த லென்ஸ் வாங்குகிறபோதும் இதே டோர்ச் சோதனைதான். மவுண்ட் திருகாணித் தலைகளையும் பாருங்கள். துரு இருந்தால் கடற்கரையில் வாழ்ந்தது, கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். சூமை நீட்டிக் காதோரம் வைத்துச் சுருக்குங்கள், மணல் அரைகிற சத்தம் கேட்டால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். ‘லேசா பங்கஸ், படத்துல தெரியாது அண்ண’ என்று விற்பவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, இன்றைக்குத் தெரியாமலும் இருக்கலாம். விலையில் பாதியைக் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.